எந்தத் தண்ணி என்று கேட்டாய்

தம்பி,

இந்தக் கிழமை மூன்று தரம் உனக்குப் போன் எடுத்தேன். மூன்று தரமும் "ஓம் அப்பா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்றாய். உன்னுடைய அந்தப் "பிறகு" இன்னும் பேசாலை வந்து சேரவில்லை. கொழும்பிலிருந்து ரயிலே ஒரு பகலில் இங்கே வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் நான் கத்துவேன், நீ பேசாமல் இருப்பாய், கடைசியில் உன் அம்மா வந்து போனைப் பறித்துக்கொண்டு போவாள். கடிதத்தை அப்படி யாரும் இடையில் பறிக்க முடியாது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதற்கு வருகிறேன். முந்தாநாள் அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்த்தாமலே, "தம்பி கலியாணத்துக்கு ரவுணில கார் பிடிச்சிட்டானாம். வெள்ளைக் கார். பூவும் அவையளே ஒட்டித் தருவினமாம்" என்றாள். "ஏன், எங்கட காருக்கு என்ன?" என்றேன். "என்னைக் கேளாதேங்கோ, உங்கட மகனைக் கேளுங்கோ" என்றாள். இந்த வீட்டில் நீ நல்லது செய்தால் அவளுடைய மகன், வேறு ஏதாவது செய்தால் என்னுடைய மகன். நான் ஹயருக்குக் கார் ஓடத் தொடங்கி இருபது வருசத்துக்கு மேல். இந்தத் தீவில் எத்தனை மாப்பிள்ளைமாரைக் கோட்டும் சூட்டுமாக ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கியிருக்கிறேன். வேர்த்து வழிந்தவன், கை நடுங்கினவன், பாதி வழியில் மோதிரத்தை மறந்துவிட்டேன் என்று காரைத் திருப்பச் சொன்னவன், எல்லோரையும் பூசைக்கு மணி அடிக்கும் முன் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என் சொந்த மகன் வேறொருவனுடைய காரில் வந்து இறங்குவான், நான் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பேன். இது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? யோசித்திருப்பாய். யோசித்துத்தான் செய்திருப்பாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இனிப் பிரயோசனமில்லை. மடு மாதா திருவிழாவுக்குப் போன அன்று நடந்தது உன் மனதில் கிடக்கிறது. என் மனதிலும்தான் கிடக்கிறது. அன்று நடந்ததை நீ உன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். நான் முழுவதையும் தொடக்கத்திலிருந்து எழுதப்போகிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. ஏனென்றால் உனக்குத் தெரியாத ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை நான் நாலு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அன்று எனக்குக் கண் ஒப்பரேசன் செய்து நாலாம் நாள். ஒரு கண்ணில் கட்டு. கார் ஓடக்கூடாது, தூசிக்குள் பயணம் போகக்கூடாது, குனியக்கூடாது, கத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கடைசியை அவர் சொல்லவில்லை, உன் அம்மா சேர்த்துக்கொண்டாள். நீ லீவில் வந்து நின்றாய். ஜெனிற்றாவின் தாய் தகப்பனோடு மடுவில் பூசை கண்டு, பூசை முடிய மரநிழலில் இருந்து கலியாணப் பேச்சை ஒப்பேற்றுவது என்பது ஏற்பாடு. நான் இல்லாமல் என் கார் பேசாலை எல்லையைத் தாண்டினது அதுதான் முதல் தரம். விடிய நாலு மணிக்கு நீ ஸ்டார்ட் பண்ணினாய். நான் வாசல் படலைவரை கூடவே வந்து, கிளச்சில் கால் வைத்துக்கொண்டு ஓடாதே, பாலத்தில் காற்று அடிக்கும், மாடு படுத்திருக்கும் என்று எல்லாம் சொன்னேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாய். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. வங்காலையில் சம்பந்தியும் மனைவியும் ஏறினார்கள். அவர் முன் சீற்றில், அம்மாக்கள் இருவரும் பின்னால்.

நானாட்டான் தாண்டி முருங்கனுக்குப் போகும் முன் வயல்வெளியில் கார் நின்றது. நீ போன் எடுத்தாய். "அப்பா, கார் உதறி உதறி நிண்டிட்டுது. ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகையா வருது" என்றாய். எனக்குக் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. டீசலில் தண்ணீர். தாங்கியில் இருக்கிற தண்ணீர் வந்து பில்டருக்கு அடியில் சேரும். கூடினால் என்ஜினுக்குள் போகும். போனால் கார் அப்படித்தான் உதறும். ஐந்து நிமிட வேலை. "தண்ணியடா. கீழ இருக்கிற புரியைத் திறந்து தண்ணியை விட்டிட்டு எடு" என்றேன்.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாய்.

"தண்ணி எண்டாத் தண்ணிதான். கீழ கையால திருகிற மாதிரி ஒண்டு இருக்கு. அதைத் திற."

"எதுக்குக் கீழ அப்பா?"

அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. "இவ்வளவு படிச்சனீ, தண்ணி எங்க இருக்கெண்டு தெரியாதோ" என்றேன். அதோடு லைன் அறுந்தது. அறுந்ததா, நான் வைத்தேனா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. பொல்லாத ஒரு காலை. கண் குத்திக்கொண்டிருந்தது. என் கார் நான் இல்லாத இடத்தில் நிற்கிறது என்பது வேறு என்னைத் தின்றது.

எங்களைப் போல டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் ஒருவரும் பில்டரில் சேர்ந்த தண்ணீர் என்று நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. தண்ணி இறக்கினியா என்று கேட்டால் அது அந்தத் தண்ணிதான். ஆனால் இந்தத் தொழிலில் இல்லாத மனிதனுக்குக் காரில் தண்ணி என்றால் ஒரே தண்ணிதான் இருக்கிறது, ரேடியேற்றரில் ஊற்றுவது. இவ்வளவு சின்ன விசயம் எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை. நீ திருவிழாவுக்கு உடுத்த வெள்ளைச் சேட்டோடு றோட்டில் படுத்து, ரேடியேற்றருக்கு அடியில் கைக்கு எட்டின புரியைத் திறந்தாய். அதுவும் கையால் திருகுகிறதுதான். கொதித்த தண்ணீர் முழுவதும் தாரில் ஓடியது. பிறகு திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினாய். நின்ற நேரத்தில் அடியிலே தண்ணீர் படிந்து கொஞ்சம் நல்ல டீசல் போயிருக்கவேண்டும், அந்த நேரம் பார்த்துக் கார் ஸ்டார்ட்டும் ஆனது. அப்பா சொன்னது சரி என்று நம்பி ஓடினாய். முருங்கன் தெரிகிற தூரத்தில் என்ஜின் கொதித்து, ஹெட் காஸ்கெற் போய், கார் ஒரேயடியாகப் படுத்தது. என்னை நம்பாமல் அப்படியே நின்றிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திராது.

அம்மா போன் எடுத்துச் சொல்ல, நான் பஸ் பிடித்து, கறுப்புக் கண்ணாடியும் கட்டுமாக முருங்கன் கராச்சுக்கு வந்தபோது பூசை முடிந்திருக்கும். மடுவுக்குப் போகிற சனம் பஸ்ஸிலும் லொறியிலும் பாட்டுப் பாடிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அம்மாக்கள் இருவரும் ஒரு வாங்கில் செபமாலையோடு இருந்தார்கள். சம்பந்தி உன் பக்கத்தில் நின்றார். நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அந்த நிலை எனக்கு அப்போது பிடிக்கவில்லை, பெரிய மனிசன் மாதிரி நிற்கிறான் என்று நினைத்தேன். மெக்கானிக் பில்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஐயா, இதுக்குள்ள பாதிக்கு மேல தண்ணி. கனநாளா டாஷ்போட்டில தண்ணி லைற் எரிஞ்சிருக்குமே?" என்று கேட்டான்.

"இல்லை, நான் பாத்துக்கொண்டுதான் வந்தனான். சிவப்பு லைற் ஒண்டும் எரியேல்ல" என்றாய் நீ.

அவன் என்னைப் பார்த்தான். "உங்களுக்கு எரிஞ்சதோ ஐயா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப பல்ப் போயிருக்கும்" என்று அவன் தன் வேலையைப் பார்க்கப் போனான். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. உன்னைப் பார்த்து, ரேடியேற்றருக்கும் பில்டருக்கும் வித்தியாசம் தெரியாத படிப்பு என்ன படிப்பு என்றேன். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "இவனை நம்பியோ பிள்ளையைக் குடுக்கப்போறியள்" என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் எப்பவாவது காட்டித் தந்தனீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றாய். அன்று பின்னேரமே கொழும்பு பஸ் ஏறினாய். அன்றிலிருந்து உனக்கும் எனக்கும் இடையில் இருப்பது அந்த "பிறகு எடுக்கிறன்" மட்டும்தான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இல்லை, காட்டித் தரவில்லை. நீ பொனற் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாலே "போய்ப் படி" என்பேன். ஒருநாள் உன் கணக்குக் கொப்பியில் டீசல் கறை பட்டுவிட்டது என்று நான் போட்ட சத்தத்துக்கு அயல் வீட்டார் வந்து பார்த்தார்கள். எனக்கு ஒரு காரணம் இருந்தது. மண்டபத்தில் அகதி முகாமில் இருந்த காலத்தில் எனக்கு உன் வயதுகூட இல்லை. அங்கே ஒரு லொறிப் பட்டறையில் மல்லாக்கப் படுத்துக் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலை. விரும்பிப் படித்ததல்ல, வேறு வேலை ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் படித்தது. கண்ணுக்குள் கிறீஸ் விழும், நகத்துக்குள் போன கறுப்பு சோற்றிலும் தெரியும். என் பிள்ளையின் கையில் இது ஒட்டக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இருந்தது சரி. ஆனால் உன்னைக் காருக்குக் கிட்ட வரவிடாமல் வளர்த்துவிட்டு, கார் தெரியாது என்று உன்னை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தினேனே, அதற்கு எந்தக் காரணமும் சொல்ல எனக்கு வாயில்லை.

இனி நீ அறியாததற்கு வருகிறேன். லைற் எரிந்தது, தம்பி. அன்று மட்டும் இல்லை, சித்திரையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. அது சிவப்பு இல்லை, மஞ்சள்.

டீசலுக்காகப் பெற்றோல் செற்றில் நாள் கணக்கில் வரிசையில் கிடந்த காலம் உனக்குத் தெரியும். அப்போது உன் மாமா தன்னுடைய மீன்பிடி றோலரிலிருந்து இரண்டு பிளாஸ்ரிக் கானில் டீசல் தந்து என்னைக் காப்பாற்றினார். தட்டுப்பாடு முடிந்தது, செற்றில் கேட்ட அளவுக்கு அடிக்கிறார்கள், எனக்கு மட்டும் அந்தப் புத்தி மாறவில்லை. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவனுக்கு வீட்டில் இரண்டு கான் நிறைந்திருந்தால்தான் நித்திரை வரும். அம்மா எத்தனை தரம் சொன்னாள், "இஞ்சருங்கோ, கட்டிலுக்குக் கீழ டீசலை வச்சுக்கொண்டு என்னெண்டு படுக்கிறது" என்று. நான் கேட்கவில்லை. கடலுக்குப் போய் வருகிற கான், மூடி இறுகாது. அலை அடித்த தண்ணீர் அதற்குள், இரவுப் பனி அதற்குள். அதைத்தான் வடிகட்டாமல் காருக்கு ஊற்றினேன். லைற் எரிந்தது, தண்ணியை இறக்கினேன். திரும்பவும் எரிந்தது, திரும்பவும் இறக்கினேன். ஒரு கட்டத்தில் இறக்கின பிறகும் அணையவில்லை. எனக்கு எரிச்சல் பிடித்தது. ஹயருக்கு ஏறுகிற ஆட்கள் ஒவ்வொருவரும் "அண்ணை, என்னவோ லைற் எரியுது" என்று நல்லெண்ணத்தில் சொல்லுவார்கள். எனக்குத் தெரியாததையா இவர்கள் சொல்கிறார்கள் என்று இருக்கும். ஒருநாள் மடுவில் வாங்கின சின்ன மாதா ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துச் சரியாக அந்த லைற்றுக்கு மேல் ஒட்டினேன். சனம் கேட்பதை விட்டது. நான் பார்ப்பதை விட்டேன். கொஞ்ச நாளில் தண்ணி இறக்குவதையும் விட்டேன்.

மெக்கானிக் என்னைக் கேட்டபோது எனக்கும் அந்த ஸ்டிக்கருக்கும் இடையில் நாலு அடி தூரம். காரின் கதவு திறந்து கிடந்தது. மாதா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. நான் இல்லை என்று சொன்னேன். பொய் சொன்ன சூட்டில்தான் உன்னை அப்படி ஏசினேன் என்று இப்போது விளங்குகிறது. குற்றம் உன் தலையில் இருந்து இறங்கிவிட்டால் அது எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். முந்தாநாள் வெள்ளைக் கார்க் கதை கேட்டு நான் குதித்தேன். தண்ணி இறக்கத் தெரியாதவனுக்குப் பூப் போட்ட கார் கேட்கிறதோ என்றேன். உன் அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ அவளுக்கு அனுப்பின வீடியோ. அப்பாவுக்குக் காட்டவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினாயாம். அவளும் மூன்று கிழமை காட்டாமல் இருந்திருக்கிறாள், அதுவே பெரிய விசயம். அதில் நீ யாரோ கூட வேலை செய்கிறவனுடைய டீசல் காரில் தண்ணி இறக்குகிறாய். பில்டருக்கு அடியில் வெறும் போத்தலைப் பிடித்து, புரியை இரண்டு சுற்றுத் திருகி, மேலே இருக்கிற கைப் பம்பை அமத்தி, வந்ததைப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறாய். "இந்தா பாருங்கோ அம்மா, தண்ணி கீழ, டீசல் மேல, நடுவில கோடு தெரியுதா" என்கிறாய். தெரிந்தது. ஒரு சொட்டும் நிலத்தில் சிந்தவில்லை. நான் இறக்கினால் பாதி என் சாரத்தில் இருக்கும்.

ஒரேயொரு பிழை விட்டாய். கடைசியில் புரியைக் குறட்டால் இறுக்கினாய். அது பிளாஸ்ரிக். கையால் இறுக்கினால் போதும், குறடு போட்டால் புரி தேய்ந்துவிடும். இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதையில்லை. போத்தலைத் தூக்கிப் பிடிக்கும்போது உன் வலது கை மணிக்கட்டில், உள்பக்கம், நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு. "இது என்ன?" என்று அம்மாவைக் கேட்டேன். "அண்டைக்கு ரேடியேற்றர்த் தண்ணி அவிச்சது. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டான். சொன்னா அதுக்கும் கத்துவியள் எண்டுதான் நானும் சொல்லேல்ல" என்றாள். கராச்சில் நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது அதற்காக. நான் பெரிய மனிசன் நிலை என்று நினைத்தது அதை. உன் கை தோல் உரிந்து எரிந்துகொண்டிருக்க, நான் உன் படிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அம்மா வெட்டின மீன் அப்படியே சட்டியில் கிடந்தது.

உன்னைக் குறைத்துப் பேசினது சம்பந்திக்கு முன்னால். ஆகவே அதை அவருக்கு முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும் என்று நேற்றுக் காலமை வங்காலைக்குப் போனேன், பஸ்ஸில். அவர் முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கதிரை தந்தார், தேத்தண்ணி வந்தது, நான் தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னேன். லைற் எரிந்தது, நான் மாதாவை ஒட்டி மறைத்து வைத்திருந்தேன், கராச்சில் பொய் சொன்னேன், உங்கள் மருமகனில் ஒரு பிழையும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"மாதாவுக்குப் பின்னால எரிஞ்சதோ? அது பழுது லைற்றோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நான் முன் சீற்றில இருந்து அதைப் பாத்துக்கொண்டுதானே வந்தனான். விடியாத இருட்டில மாதாவின்ர தலையைச் சுத்தி மஞ்சளா வெளிச்சம். நீங்கள்தான் பக்தியில லைற் பூட்டி வச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். தம்பியிட்டயும் சொன்னனான், அப்பா நல்லாச் செய்திருக்கிறார் எண்டு. அவரும் ஓம், அப்பாக்கு மடு மாதா எண்டா உயிர் எண்டார்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே இருந்து மனைவி வந்து என்னவென்று கேட்க, அவர் சொல்ல, அவவும் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்த லைற்றை ஏறின ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உன் அம்மா ஒவ்வொரு பயணத்திலும் அதைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். நீயும் பார்த்திருக்கிறாய். பார்த்து, என் அப்பா பக்தியான மனிசன் என்று இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறாய். நான் உன்னைப் பற்றி அதே மனிதருக்கு அதே நாளில் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். கதிரையில் இருக்க முடியவில்லை.

படலை மட்டும் வந்து வழியனுப்பும்போது சம்பந்தி ஒன்று சொன்னார். "நீங்கள் ஏசினதாலதான் நான் யோசிப்பன் எண்டு நினைச்சுக் கவலைப்பட்டியளோ? அவிஞ்ச கையோட நிண்டு தகப்பனுக்கு ஒரு கடுஞ்சொல் திருப்பிச் சொல்லாத பிள்ளை. நான் அந்த இடத்திலயே முடிவெடுத்திட்டன்." பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஸ்டிக்கரை உரித்தேன். பாதி உரிந்தது, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது, நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. பிறகு திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினேன். லைற் எரிகிறது. கராச்சில் திருத்தி வந்த பிறகும் அதற்குக் கீழே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அந்த மெக்கானிக்கிடம் பல்பைப் பார்க்கவேண்டாம் என்று சொன்னவன், வேறு என்ன நடக்கும். இப்போது மாரி மழை வேறு. சென்சர் பழுதா, உண்மையிலேயே தண்ணியா என்று எனக்குத் தெரியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். கான் இரண்டையும் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே வெறுமையாக இருக்கிறது, இரவு இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன். அம்மா அதற்கும் சிரிக்கிறாள்.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் ஏதாவது எரிந்தால், எரிகிறது என்று ஜெனிற்றாவிடம் சொல். அதற்கு மேல் எதையும் ஒட்டாதே, மாதாவைக்கூட. அவள் ஏதாவது புரியாமல் கேட்டால், இதுகூடத் தெரியாதோ என்று சொல்லாதே. அந்தச் சொல்லை நான் உன் அம்மாவுக்கும் சொன்னவன், உனக்கும் சொன்னவன், அதனால் எனக்கு வந்த நன்மை ஒன்றும் இல்லை. கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். நீ நிறுத்தின மாதிரி.

வெள்ளைக் காரைப் பற்றி இனி நான் வாய் திறக்கமாட்டேன். திறப்பேன், ஆனால் உன் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். அது உன் கலியாணம். நீ எந்தக் காரில் வந்து இறங்கினாலும் நான் கோயில் வாசலில் நிற்பேன். கதவைத் திறந்து விடுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது, யாருடைய கார் என்றாலும் திறந்துவிடுவேன். ஆனால் எங்கள் காரை நான் நேற்றிலிருந்து எடுக்கவில்லை. வந்த இரண்டு ஹயரையும் வேண்டாம் என்று விட்டேன். அம்மா கோயிலுக்கு நடந்து போகிறாள், போகும்போது படலையைச் சாத்துகிற சத்தத்தில் அவளுடைய மனம் தெரிகிறது. பொனற்றைத் திறந்தேன், போத்தலும் எடுத்து வைத்தேன், புரியில் கையும் வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரயிலில் வா. போன் எடுக்கவேண்டாம், வந்து நில். எந்தத் தண்ணி என்று திரும்பவும் ஒருக்கால் என்னைக் கேள், இந்தமுறை ஒழுங்காகச் சொல்கிறேன். குனிய எனக்கு இப்போது டாக்டர் விட்டிருக்கிறார். நீ திற. கீழே போத்தலை நான் பிடிக்கிறேன்.

அப்பா